சத்தம் போடாத காசு

'ணங்!'

மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு ஓட்டல். கிரானைட் பதித்த மேஜை. அதன் மேல் ஒரு பத்து ரூபாய் நாணயம் விழுந்த சத்தம்தான் மேலே கண்டது. விழுந்திருக்கக் கூடாது. விழுந்தாலும் கேட்டிருக்கக் கூடாது. ஏனென்றால் அந்த நிமிடத்தில் சாஸ்திரப்படி அந்த நாணயம் உலகத்திலேயே இல்லை. ஒரு நொடி முன்புதான் நண்பன் அதை மறைய வைத்திருந்தான்.

டீ கொண்டு வந்த பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணே, காசு விழுந்திருச்சு பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டான்.

நண்பனுக்கு முகம் செத்துவிட்டது. அவனுக்கு இது வெறும் காசு இல்லை, கல்யாணம்.

ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டுக்காரன். மகிந்திரா சிட்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். நாலு பேர் நடுவில் நிறுத்திப் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கையில் நாலு காசோ ஒரு கட்டு சீட்டோ கொடுத்துவிட்டால் மட்டும் ஆள் வேறு. மடை திறந்தது மாதிரி பேச்சு வரும். யாரோ ஒரு புண்ணியவான் இதைப் பெண் வீட்டில் போய், "மாப்பிள்ளை மேஜிக் எல்லாம் பண்ணுவார்" என்று சொல்லி வைத்துவிட்டார். பத்து நாளில் திருக்கழுக்குன்றத்தில் நிச்சயதார்த்தம். "தட்டு மாத்தினதும் மாப்பிள்ளை ஏதாவது செஞ்சு காட்டட்டும்" என்று போனில் உத்தரவு வந்தாயிற்று.

அதுகூடப் பரவாயில்லை. வரப்போகும் மாமனார் யார் தெரியுமா? வங்கியில் கேஷியராக இருந்து ரிடையர் ஆனவர்.

"முப்பத்தஞ்சு வருஷம் சில்லறை எண்ணினவர்டா. கண்ணை மூடிக்கிட்டு, கீழ விழுந்தது எட்டணாவா ஒரு ரூபாயான்னு சொல்லுவாராம்" என்றான் நண்பன், தலையைப் பிடித்துக்கொண்டு.

ஆக, வேண்டியது ஒரு பேட்.

க்ளோஸ்-அப் பேட் என்று பெயர். மேடை மேஜிக் வேறு ஜாதி. பெரிய பி.சி. சர்க்கார் 1956-ல் லண்டன் பி.பி.சி.யில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டி, நேரம் முடிந்து நிகழ்ச்சி சட்டென்று நின்றுவிட, பெண் என்ன ஆனாளோ என்று ஜனங்கள் பதறிப்போய் போன் மேல் போன் போட்டார்களே, அது மேடை. க்ளோஸ்-அப் என்பது பார்க்கிறவர் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் செய்வது. சீட்டு, காசு, பந்து, கிண்ணம். அதற்குக் கீழே விரிக்கிற விரிப்புதான் பேட். அடியில் ரப்பர், மேலே துணி. சாதாரண அளவு 11 அங்குலத்துக்கு 16. பெரியது 16-க்கு 23. கனம் அஞ்சாறு மில்லிமீட்டர்.

இந்த அஞ்சு மில்லிமீட்டர் என்ன செய்கிறது? ஒன்று, சத்தத்தை முழுங்குகிறது. இன்னொன்று, இதுதான் பலருக்குத் தெரியாது, விரல் நுனிக்கு இடம் கொடுக்கிறது. கண்ணாடி மேஜை மேல் கிடக்கும் ஒற்றைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நகத்தால் பிராண்ட வேண்டும். பேட் மேல் என்றால் ஓரத்தை லேசாக அழுத்தினால் விரல் கொஞ்சம் உள்ளே அமுங்கி, சீட்டு தானாகக் கைக்கு வரும். காசும் அப்படியே. உருண்டு ஓடாது. (இதற்கு மேல் இந்த விஷயத்தில் கேட்காதீர்கள். தொழில் ரகசியம்.)

நம் ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் காசு செலவழித்ததே இல்லை. தமிழில் கைவித்தைக்கே பெயர் செப்படி வித்தை. செப்பு என்றால் சிமிழ். சிமிழைக் கவிழ்த்து, பந்தை மறைத்து, எடுத்துக் காட்டுகிற வித்தை. கேரளத்தில் 'செப்பும் பந்தும்' என்பார்கள். வாழக்குன்னம் நம்பூதிரி அதில் மகா கெட்டிக்காரர். இங்கிருந்து கப்பலேறிப் போன ராமசாமி என்பவர், 'ராமோ சாமி' என்ற பெயரில் லண்டனைக் கலக்கினார். 1819-ல் அமெரிக்காவரை போய் வித்தை காட்டினார். இந்திய வித்தைக்காரர்களைப் பார்த்து அசந்துபோய் ஹாஸ்லிட் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு முழுக் கட்டுரையே எழுதினார். ராமசாமியோ 1850-ல் லண்டனில் செத்தபோது, அடக்கச் செலவுக்குப் பத்திரிகையில் உதவி கேட்டார் அவர் மனைவி. கைதட்டலை பாங்கில் போட முடியாதே.

அந்த வித்தைக்காரர்கள் தரையில் குந்தி உட்கார்ந்தார்கள். மண்தான் பேட். அதன் மேல் ஒரு பழந்துணி. மண்ணைவிடச் சத்தம் போடாத பொருள் உண்டா? நாம்தான் மேஜைக்கு ஏறினோம். மரம், பிறகு ஃபார்மிகா, கண்ணாடி, இப்போது கிரானைட். ஏறின பாவத்துக்கு ரப்பரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

ஓட்டலை விட்டு வெளியே வந்து அர்ச்சுனன் தபசு எதிரே உட்கார்ந்தோம். அங்கே பாறையில் நின்று தவம் செய்கிற பூனை ஒன்று இருக்கிறது, சுற்றிலும் எலிகள் வணங்கி நிற்க. ஏழாம் நூற்றாண்டு வித்தைக்காரப் பூனை. பேட் இல்லை, கருங்கல்தான். "அதுக்கு மாமனார் கேஷியர் இல்லை" என்றான் நண்பன்.

போனில் விலை பார்த்தோம். வெளிநாட்டுப் பெயர் போட்ட பேட், சின்ன அளவு, 3,200 ரூபாய். 11-ஐ 16-ஆல் பெருக்கி 144-ஆல் வகுத்தால் ஒண்ணேகால் சதுர அடிகூட இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் மனை வாங்குகிற மாதிரி இருக்கிறதே!

"உள்ள இருக்கிறது நியோப்ரீன். கடல்ல முங்குறவங்க போடுற சூட்டும் அதே சரக்குதான்" என்றான் அவன். உடனே எனக்கு மூளை வேலை செய்தது. மாமல்லபுரம், கோவளம் கரை முழுக்க அலைச்சறுக்குப் பையன்கள். 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே இங்கேதான் நடந்தது. கிழிந்த சூட் ஒன்று சும்மா கிடைக்காதா? போய்க் கேட்டோம். பலகையைத் தூக்கிக்கொண்டு வந்த பையன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணே, இந்தக் கடல்ல அதைப் போட்டா வெந்துருவோம். அதெல்லாம் குளிர் தேசத்துக்கு. நாங்க மெல்லிசு பனியன்தான்."

வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருஷம் இந்தக் கடலில் கால் நனைத்திருக்கிறேன்.

மறுநாள் செங்கல்பட்டு. பைக்குக்கு சீட் கவர் தைக்கிற கடையில் ஆரம்பித்தோம். அவரிடம் ஸ்பாஞ்ச் விதவிதமாக இருந்தது. ஒரு துண்டை விரித்து ஒரு சாண் உயரத்திலிருந்து காசைப் போட்டோம். சத்தம் இல்லை, ஆனால் காசு எம்பிக் குதித்தது. டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்தால் குடித்தவன் மாதிரி சாய்ந்தது. ஒரு நிமிடம் முழங்கையை ஊன்றிவிட்டு எடுத்தால் பள்ளம் அப்படியே நின்றது. ஆக, மெத்தென்று இருப்பது மட்டும் போதாது. அமுங்க வேண்டும், உடனே எழும்பவும் வேண்டும். அது ரப்பரின் குணம். ஸ்பாஞ்சுக்குக் கிடையாது. விலை மலிவு என்று ஸ்பாஞ்ச் பேட் வாங்குகிறவர்கள் ஆறு மாதத்தில் பள்ளத்தாக்கில் வித்தை காட்டுவார்கள்.

அடுத்து துணி. நண்பனுக்கு வெல்வெட் மேல் மோகம். நகைக்கடைத் தட்டு மாதிரி ஜோராக இருக்கும் என்று மெரூன் கலரில் அரை மீட்டர் கிழித்து வாங்கினான். வீட்டில் விரித்துச் சீட்டுக்கட்டை வைத்து விசிறி மாதிரி இழுத்தான். பாதி தூரம் வந்து ரேஷன் கடை க்யூ போல நடுவில் நெரிசல், ஓரத்தில் காலி. வெல்வெட்டின் ரோமம் நீளம். சீட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. போதாததற்கு மினுமினுப்பு வேறு. டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கிறவர் கண் காசைப் பார்க்காமல் துணியைப் பார்க்கும். அந்த அரை மீட்டர் இப்போது அவன் அம்மாவின் பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குக் கீழே இருக்கிறது. பிள்ளையார் சீட்டாடுவதில்லை.

மூன்றாவது நாள் கம்ப்யூட்டர் கடை. கேம் ஆடுகிற பையன்கள் மேஜை முழுக்க விரிக்கிறார்களே, அந்த நீள மவுஸ் பேட். 90 சென்டிமீட்டருக்கு 40. கனம் நாலு மில்லிமீட்டர். 450 ரூபாய். மேலே வாய் பிளந்த டிராகன் ஒன்று, நெருப்பு கக்கிக்கொண்டு. காசைப் போட்டோம். 'தொப்'. அவ்வளவுதான். குதிக்கவில்லை. சீட்டை ஓரத்தில் அழுத்தினோம். விரல் இறங்கியது, சீட்டு வந்தது. அடிப்பக்கம் மேஜையைப் பல்லி மாதிரி பிடித்துக்கொண்டது. நண்பன் அங்கேயே கடைக்காரருக்கு ஒரு வித்தை செய்து காட்டி, இருபது ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேட்டான். "காசை மறைய வைக்கிற ஆள்கிட்ட எப்படி சார் கடன் வைக்கிறது?" என்றார் அவர். குறைக்கவில்லை.

ஒரே குறை, மேலே இருக்கிற துணி ரொம்ப வழவழ. எலி ஓட வேண்டும் என்று செய்தது, சீட்டு ஓடிவிடுகிறது. டிராகன் மேல் சிவப்புச் சீட்டும் கறுப்புச் சீட்டும் ஒன்றும் தெரியவும் இல்லை.

இந்த இடத்தில் அடியேனின் பி.காம். விழித்துக்கொண்டது. "எதுக்குடா இந்த அலைச்சல்? 3,200 ரூபாய் பேட் அஞ்சு வருஷம் உழைக்கும்னு வெச்சுக்க. வருஷத்துக்கு ஆறு தடவை நாலு பேர் முன்னால செய்வியா? முப்பது தடவை. ஒரு தடவைக்கு 107 ரூபாய் தேய்மானம். கட்டுப்படியாகாது" என்றேன் பெருமையாக.

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "நாலு பேர் முன்னால ஆறு தடவை. ராத்திரி ரூம்ல தனியா? வருஷத்துல முந்நூறு நாள். பேட் தேயுறது அங்கதான்."

கணக்கைத் திருப்பிப் போட்டேன். ஆயிரத்து ஐந்நூறு ராத்திரி. ஒரு ராத்திரிக்கு இரண்டு ரூபாய் சொச்சம். ஒரு டீ காசுகூட இல்லை. என் சரக்கு அன்றைக்கு எடுபடவில்லை. தினம் பயிற்சி செய்கிறவனுக்கு 3,200-கூட அநியாய விலை இல்லை. பீரோ மேல் வைத்துவிட்டு ஆயுத பூஜைக்கு எடுக்கிறவனுக்கு நூறு ரூபாயும் தண்டம். ஆனால் ஒன்று. கல்யாணத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறவன் கையில் அப்போது 3,200 இல்லை. அதுதான் நிஜம்.

வழி கிடைத்தது ஒரு ஸ்நூக்கர் கிளப்பில். ஆட்டம் ஆட இல்லை, எதிரே இருந்த கடையில் ஜூஸ் குடிக்கப் போனோம். உள்ளே ஒரு மேஜைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள். பச்சை பனாத்து! அந்தக் காலத்து கலெக்டர் ஆபீஸ் மேஜைகளில் பார்த்திருப்பீர்கள், அதன் பெரிய அண்ணன். சுத்தமான கம்பளி. (ஸ்நூக்கருக்கும் நமக்கும் உறவு பழசு. 1880-களில் அதற்கு விதி எழுதி ஒட்டியது ஊட்டி கிளப்பில்தான்.) மேஜை ஓரத்தில் வெட்டி எறிந்த துண்டுகள் தரையில் கிடந்தன. டிப்ஸ் மாதிரி நூறு ரூபாய் கொடுத்தோம். சுருட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

சீட் கவர் கடைக்காரரிடமே போய், ரெக்ஸின் ஒட்டுகிற ரப்பர் பசை ஒரு சின்ன டின், 90 ரூபாய், அடியேன் உபயம். மவுஸ் பேட்டை வெட்டினால் கிட்டத்தட்ட 23-க்கு 16-ல் பெரிசு ஒன்று, 16-க்கு 11-ல் சின்னது ஒன்று, இரண்டும் வந்துவிடுகிறது. டிராகன் தலை வேறு வால் வேறாகப் போயிற்று. பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டால் குமிழி.

சின்னதை முதலில் ஒட்டி ஒரு பாடம் கற்றோம். ஸ்நூக்கர் துணிக்கு ரோமம் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். பூனை முதுகு மாதிரி. தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் முரண்டு பிடிக்கும். சீட்டை இடமிருந்து வலமாக விரிக்கிறவனுக்கு ரோமமும் அதே பக்கம் போக வேண்டும். நாங்கள் தலைகீழாக ஒட்டிவிட்டோம். அந்தப் பேட்தான் இப்போது என் மேஜையில், டீ டம்ளருக்குக் கீழே. பெரியது சரியாக வந்தது. கடையில் பேட் வாங்குகிறவர்களும் இப்படித் தடவிப் பாருங்கள். ஓரத்தில் நகத்தை விட்டு லேசாக நெம்பிப் பாருங்கள், துணி பிரிந்து வந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். தட்டையாக விரித்து மூலை நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். சுருட்டும்போது துணிப்பக்கம் வெளியே இருக்கட்டும். அப்போதுதான் விரித்தால் ஓரம் கீழ்நோக்கிப் படியும். எல்லாரும் பாய் சுருட்டுகிற மாதிரி உள்பக்கமாகச் சுருட்டி, பிறகு பூரி மாதிரி உப்புகிறது என்று புலம்புவார்கள். வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் வைக்காதீர்கள். பசை இளகிவிடும். கறுப்பு கலர் எடுத்தால் பவுடர், தலைமுடி, பஞ்சு எல்லாம் ஊருக்கே தெரியும். செலோடேப்பை விரலில் திருப்பிச் சுற்றி ஒற்றி எடுக்கலாம். கடற்கரைப் பக்கம் செய்வதாக இருந்தால் பேட்டைவிடச் சீட்டைப் பற்றிக் கவலைப்படுங்கள். அந்தக் காற்றில் அது அப்பளம் மாதிரி நமத்துப் போகும்.

நிச்சயதார்த்த நாள். தட்டு மாற்றியாயிற்று. கூடத்தில் ஒரு மேஜை போட்டு, பச்சைப் பேட்டை விரித்து நண்பன் உட்கார்ந்தான். நாலு மூலையில் நாலு காசு. இந்தக் காலத்துக் காசு இல்லை. அவன் பாட்டி கொடுத்த, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய். ஒரு தோலா எடை. அமெரிக்க வித்தைக்காரர்கள் அரை டாலர் காசுதான் கைக்கு வாகு என்று கொண்டாடுவார்கள். பாட்டியின் ரூபாயும் ஏறக்குறைய அதே சைஸ், 30 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே! நாலு காசு மேலேயும் நாலு சீட்டு. ஒவ்வொன்றாகக் காசு நகர்ந்து கடைசியில் நாலும் ஒரே சீட்டுக்குக் கீழே. பேச்சும் தடையில்லாமல் வந்தது. குழந்தைகள் கத்தின. பெண் கதவு மறைவிலிருந்து எட்டிப் பார்த்தாள். துளி சத்தம் இல்லை.

மாமனார் மட்டும் கைதட்டவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேட்டைத் தடவிப் பார்த்தார்.

"பனாத்து. எங்க கேஷ் டேபிள்லயும் ஒரு காலத்துல இருந்துச்சு" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா மாப்பிள்ளை... நாலு வெள்ளிக் காசு ஒண்ணு மேல ஒண்ணு சேருது. ஒரு 'கிளிங்'காவது கேக்கணுமே. சத்தமே வரலேன்னா எனக்குச் சந்தேகமா இருக்கு."

போச்சுடா! பத்து நாள் நாயாய் அலைந்து சத்தத்தை ஒழித்தால், சத்தம் எங்கே என்கிறார். நண்பன் நாக்கு மேலண்ணத்துக்குப் போய்விட்டது. எனக்குத் தெரிந்தது.

"தரையில செஞ்சு காட்டுங்களேன்" என்று சொல்லி, தோளில் இருந்த துண்டை உதறித் தரையில் விரித்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சபை முழுக்கச் சுற்றி நின்றது. நண்பனும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். பட்டு வேட்டி, கீழே சிமென்ட் தரை, மேலே ஒரு துண்டு. முதல் காசு போயிற்று. இரண்டாவது போயிற்று. தரை உபயத்தில் ஒரு 'கிளிங்'கும் கேட்டது. மூன்றாவதுக்குச் சீட்டை எடுக்கும்போது துண்டின் நூல் ஒன்று காசு விளிம்பில் மாட்டி, காசு நழுவி ஓரமாக வந்து நின்றது. நான் பார்த்தேன். நண்பன் பார்த்தான். மாமனார் பார்த்தார்.

அவர் கால் மாற்றி உட்காருகிற மாதிரி லேசாக முன்னால் சாய்ந்து கையை ஊன்றினார், சரியாக அந்தக் காசு மேல். கையை எடுத்தபோது அங்கே ஒன்றும் இல்லை.

"எங்கேப்பா மூணாவது காசு?" என்று சபையைப் பார்த்து உரக்கக் கேட்டார். "இப்பத்தானே இங்க இருந்துச்சு!"

கூட்டம் ஆவென்று வாயைப் பிளந்தது. பத்து வயசுப் பொடியன் ஒருத்தன் துண்டைத் தூக்கியே பார்த்துவிட்டான்.

சாப்பாட்டுப் பந்தியில் வெற்றிலைத் தட்டைக் கொடுக்கிற சாக்கில் அவர் நண்பன் கையில் எதையோ திணித்ததையும் நான் பார்த்தேன். ஐந்தாம் ஜார்ஜ்தான்.

கல்யாணம் ஆவணியில். பேட்டை எடுத்து வரச் சொல்லி மாமனாரே சொல்லி அனுப்பியிருக்கிறாராம். இரண்டு பேருமாக ஏதோ ஒத்திகை பார்க்கிறார்கள் என்று கேள்வி. பசைக்குக் கொடுத்த 90 ரூபாய் மட்டும் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.